திருமண மேடைக்கு எந்த ஓவர்டிரைவ் பெடல்? வீட்டில் இனித்தது மண்டபத்தில் காணாமல் போகிறது

மேர்பேங்க்_தந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் இசைக்குழுவில் நான் கிட்டார் வாசிக்கிறேன். திருமண வரவேற்புகளும் கோயில் மண்டப நிகழ்ச்சிகளும்தான் எங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கின்றன. கீபோர்டு, பேஸ் கிட்டார், டோலக், ஆக்டோபேட் (மின்னணுத் தாளக் கருவி), பாடகர், நான். என்னுடைய கிட்டாரில் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் ஒற்றைச் சுருள்கள்) உள்ளன.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னதால், நான்கு மாதம் பணம் சேர்த்து ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9 என்ற ஓவர்டிரைவ் பெடலை, அதாவது காலால் மிதித்தால் கிட்டார் ஒலிக்குக் கரகரப்பு ஏற்றும் பெட்டியை, வாங்கினேன். வீட்டில் இருப்பது 5 வாட் வால்வு ஆம்ப், வெற்றிடக் குழாயால் ஒலியைப் பெருக்குவது. அதில் அந்தப் பெடல் பாடியது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தால் நாகஸ்வரத்தின் மூச்சு போல நின்றது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் ஒரு வரவேற்பில் முதல்முறையாக அதை மேடையில் மிதித்தேன். மண்டபத்தில் இருந்தது டிரான்சிஸ்டர் ஆம்ப். என் தனி வாசிப்பு வந்தபோது ஒலி தகரத்தை உரசுவது போல மெலிந்து, கீபோர்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பாடகர் திரும்பிப் பார்த்து, கேபிள் கழன்றுவிட்டதா என்று கையால் கேட்டார். அந்தப் பார்வை இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாமா? பாஸ் நிறுவனத்தின் ப்ளூஸ் டிரைவரா, எஸ்டி-1-ஆ? அல்லது க்ளான் வகையைச் சேர்ந்த நகல் ஒன்றா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


வால்வு_விளக்கு எழுதியது:

தம்பி, விற்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மண்டபத்தில் பெடலின் மூன்று குமிழ்களும் எங்கே நின்றன? கடிகார முள்ளை வைத்துச் சொன்னால் போதும்.


மேர்பேங்க்_தந்தி எழுதியது:

ஐயா, வீட்டில் வைத்திருந்தபடியே வைத்தேன். டிரைவ் (கரகரப்பின் அளவு) மூன்று மணி, டோன் (உச்சி ஒலியின் அளவு) இரண்டு மணி, லெவல் (வெளிவரும் ஒலி அளவு) ஒன்பது மணி.


வால்வு_விளக்கு எழுதியது:

நினைத்தேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முப்பது ஆண்டுகளாக ஆம்ப் பழுது பார்க்கிறேன். "பெடல் கெட்டுவிட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த வகைதான். உங்கள் பெடலில் குறையில்லை. அது எந்த வேலைக்காகப் பிறந்ததோ, அந்த வேலையை மண்டபத்தில் நீங்கள் அதற்குக் கொடுக்கவில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டியூப் ஸ்க்ரீமருக்குள் ஒரு ஆப்-ஆம்ப் சில்லு கிட்டாரின் ஒலியைப் பெருக்குகிறது. அந்தச் சில்லின் பின்னூட்டப் பாதையில் (வெளிவரும் அலையில் ஒரு பங்கு உள்ளே திரும்பும் வழியில்) இரண்டு சிலிக்கான் டையோடுகள் எதிரெதிராக நிற்கின்றன. அலை உயர்ந்து அவற்றின் எல்லையைத் தொட்டதும், அவை அதன் முனையை மழுக்குகின்றன. அந்த மழுங்கல்தான் நாம் விரும்பும் கரகரப்பு. ஆனால் எல்லாச் சுரங்களுக்கும் ஒரே அளவு பெருக்கம் கிடைப்பதில்லை. 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு எல்லை போடுகின்றன. அதற்கு மேலே உள்ள ஒலிகளுக்கு, டிரைவ் குமிழை முழுதாகத் திறந்தால், ஏறக்குறைய 118 மடங்கு வரை பெருக்கம் உண்டு. அதற்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கமும் குறைந்துகொண்டே வரும்.

இப்போது உங்கள் கிட்டாரை எடுத்துப் பாருங்கள். ஆறாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் 330 ஹெர்ட்ஸ். அதே முதல் தந்தியைப் பன்னிரண்டாம் கட்டையில் அழுத்தினாலும் 659 தான். ஆகவே நீங்கள் வாசிக்கும் சுரங்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒலி அந்த எல்லைக்குக் கீழேயே இருக்கிறது. ஆறாம் தந்திக்கு முழு டிரைவிலும் கிடைப்பது 13 மடங்கு அளவுதான். கரகரப்பு பெரும்பாலும், ஒவ்வொரு சுரத்தோடும் கூடவே ஒலிக்கும் மேல்சுரங்களில்தான் விழுகிறது. பிறகு டோன் பகுதி உச்சியையும் சற்று வெட்டுகிறது. எஞ்சுவது நடுப்பகுதி மட்டும் திமில் போல எழுந்து நிற்கும் ஒலி.

இதை இப்படி அமைத்ததற்குக் காரணம் உண்டு. உடையும் நிலையில், அதாவது ஒலி கரகரக்கத் தொடங்கும் நிலையில், இருக்கும் வால்வு ஆம்புக்கு முன்னால் இதை வைத்து, டிரைவைக் குறைத்து, லெவலை ஏற்றினால், பெடல் வால்வுகளை அழுத்துகிறது, வால்வுகளின் ஒலி உடைகிறது. ஆழ் ஒலி முன்கூட்டியே குறைக்கப்பட்டிருப்பதால் அந்த உடைவு குழம்பாமல் தெளிவாக இருக்கிறது. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் வாசிப்பில் நாம் கேட்பது பெடலை மட்டுமல்ல, பெடல் தள்ளிய பெரிய வால்வு ஆம்புகளையும்தான். உங்கள் வீட்டு 5 வாட் ஆம்பில் இது தானாகவே நடந்துவிட்டது. மண்டபத்து டிரான்சிஸ்டர் ஆம்போ எவ்வளவு தள்ளினாலும் சுத்தமாகவே நிற்கும்படி கட்டப்பட்டது. அதைத் தள்ளிப் பயனில்லை. வால்வு செய்த பாதி வேலையைச் செய்ய அங்கே ஆளில்லை.


லெனேசியா_ஆறுதந்தி எழுதியது:

ஐயா சொன்னது சரி. ஆனால் அதிலிருந்து நான் வரும் முடிவு, "டியூப் ஸ்க்ரீமரை வைத்துக்கொள்" என்பதல்ல. ஜோகன்னஸ்பர்க்கில் பத்து ஆண்டுகளாகத் திருமணங்களில் வாசிக்கிறேன். நல்ல வால்வு ஆம்ப் இருந்த மண்டபங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மேடையில் எது கிடைக்கும் என்று தெரியாத நிலையில் வாசிப்பவர்களுக்கு, ஆம்பை நம்பாத பெடல் வேண்டும்.

நான் வைத்திருப்பது பாஸ் ப்ளூஸ் டிரைவர் பிடி-2. அது 1995-இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதற்குள் சில்லுக்குப் பதிலாகத் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆன இரண்டு பெருக்கப் படிகள் உள்ளன. ஆழ் ஒலியை டியூப் ஸ்க்ரீமர் அளவுக்கு அது வெட்டுவதில்லை. அதன் பெரிய குணம், விரலுக்கு அடங்குவது. மெதுவாக மீட்டினால் ஏறத்தாழச் சுத்தமான ஒலி வருகிறது. அழுத்தி மீட்டினால் உடைகிறது. கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதிக்குக் குறைத்தால் சரணத்தில் பாடகருக்குப் பின்னால் கார்டு (பல சுரங்களின் கூட்டு) வாசிக்கலாம். இடையிசையில் முழுதாகத் திறந்தால் முன்னால் வரலாம். ஒரே பெடலில் இரண்டு நிலை. பணம் சேர்த்து வாங்குகிறவருக்கு இது சிறிய விஷயமல்ல.

க்ளான் வகையைக் கேட்டிருந்தீர்கள். பில் ஃபின்னெகன் 1994-இல் வெளியிட்ட க்ளான் சென்டார் ஜெர்மேனியம் டையோடுகளைப் பயன்படுத்துகிறது, கூடவே கரகரப்பில்லாத ஒலியையும் ஒரு தனிப் பாதையில் கொண்டுவந்து கலக்கிறது. பிறர் படி எடுக்கக் கூடாது என்று அவர் மின்பலகையின் மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடினார். பின்னர் அதைச் சுரண்டி எடுத்துப் படித்துவிட்டார்கள், இன்று நகல்கள் எங்கும் கிடைக்கின்றன. நல்ல பெடல்தான். ஆனால் அதுவும் நல்ல ஆம்பை மேலும் நன்றாகக் காட்டும் பெடல். உங்கள் சிக்கலை அது தீர்க்காது.


கீழ்ஸ்தாயி எழுதியது:

நான் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். லெனேசியா அக்காவுடன் இந்த ஒரு இடத்தில் உறுதியாக மாறுபடுகிறேன்.

கிட்டார்க்காரர்கள் பெடலைத் தனியாக உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள், குழுவோடு வாசிக்கிறார்கள். தனியாகக் கேட்கும்போது ஆழம் நிறைந்த ஒலி வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருக்கும். மேடையில் அந்த ஆழம் யாருடைய இடம்? என்னுடையது, டோலக்கின் இடது பக்கத்துடையது, கீபோர்டு வாசிப்பவரின் இடது கையுடையது. மூன்று பேர் ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் நான்காவதாகக் கிட்டாரும் புகுந்தால் எதுவும் கேட்காது. மேலே உச்சியிலோ ஆக்டோபேடின் சிம்பல் ஒலிகள் நிறைந்திருக்கின்றன. கிட்டாருக்கு மிச்சம் இருப்பது நடுப்பகுதிதான், பாடகரோடு பங்கிட்டுக்கொண்டு. டியூப் ஸ்க்ரீமரின் அந்தத் திமில் சரியாக அங்கேதான் இருக்கிறது.

தம்பியின் ஒலி காணாமல் போனதற்கு முதல் காரணம் லெவல் ஒன்பது மணியில் நின்றதுதான் என்பது என் கணிப்பு. டிரைவ் நிறைய, லெவல் குறைவு என்றால், பெடலை மிதித்ததும் ஒலி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருக்கும். வீட்டில் தனியாக இருந்தபோது அது தெரியாமல் போயிருக்கலாம்.


மேர்பேங்க்_தந்தி எழுதியது:

அண்ணா, நேற்று சோதித்துப் பார்த்தேன். உண்மைதான். மிதித்ததும் ஒலி குறைகிறது. இத்தனை நாள் இதைக் கவனிக்கவில்லை.

இன்னொரு சந்தேகம். தனிச் சுரங்கள் வாசிக்கும்போது நன்றாக இருக்கும் பெடல், மேஜர் கார்டு பிடித்ததும் சேறாகிவிடுகிறது. ஆனால் ஆறாம், ஐந்தாம் தந்திகளில் இரண்டு சுரங்களை மட்டும் பிடித்தால் கோயில் மணி போலத் தெளிவாக இருக்கிறது. இது பெடலின் குறையா?


சட்ஜபஞ்சமம் எழுதியது:

இது பெடலின் குறையன்று; எல்லா ஓவர்டிரைவுக்கும் பொதுவானது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் வீணை கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கே இது விளங்கியது.

ஒலி அலையை மழுக்கும் எந்தக் கருவியும், இரண்டு சுரங்கள் சேர்ந்து உள்ளே போனால், அவை இரண்டிலும் இல்லாத புதிய ஒலிகளைப் பிறப்பிக்கும். அவற்றில் முக்கியமானது இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. 220 ஹெர்ட்ஸில் சட்ஜமமும் 330-இல் பஞ்சமமும் வாசித்தால், வேறுபாடு 110. அது சட்ஜமத்துக்கு நேர் கீழ் ஸ்தாயிச் சட்ஜமம். நீங்கள் வாசிக்காத ஒரு ஆதார சுருதி அடியில் வந்து தாங்குகிறது. நீங்கள் மணி என்று கேட்டது அதைத்தான்.

மேஜர் கார்டில் இவ்விரண்டோடு சேரும் மூன்றாவது சுரமான அந்தர காந்தாரத்துக்கு வாருங்கள். இயல்பான சுருதியில் அது சட்ஜமத்துக்கு 5:4 விகிதத்தில், 275 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். அப்போது வேறுபாடு 55, அதுவும் சட்ஜமமே. ஆனால் கிட்டாரின் கட்டைகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்து அடிக்கப்பட்டவை. அவற்றில் காந்தாரம் 277.18 ஹெர்ட்ஸில் விழுகிறது. வேறுபாடு 57.18. அது சட்ஜமமும் இல்லை, ரிஷபமும் இல்லை. அடியில் ஒரு அந்நிய ஒலி உறுமுகிறது. சுத்தமான ஆம்பில் இந்தப் பிசகு காதுக்கு எட்டாது. ஓவர்டிரைவ் அதைப் பெருக்கிக் காட்டிவிடுகிறது.

ஆகவே பெடலை மிதித்திருக்கும்போது காந்தாரத்தைக் கார்டிலிருந்து நீக்கிவிடுங்கள். கீபோர்டு அதைத் தரட்டும். அல்லது டிரைவைக் குறையுங்கள். தனிச் சுரங்களில் இந்தத் தொல்லை இல்லை; அங்கே ஓவர்டிரைவ் நமக்குப் பெரிய கொடை. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கும்போது சுத்தமான கிட்டாரில் ஒலி பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். மழுக்கப்பட்ட அலையில் உரத்ததற்கும் மெல்லியதற்கும் இடைவெளி குறைவதால், இழுப்பு முடிந்து சுரம் திரும்பி வரும் வரை ஒலி நிற்கிறது. ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு இழுத்து, அங்கே ஆட்டி, மீண்டும் இறங்கும் முழு வளைவும் கேட்கிறது.


லெனேசியா_ஆறுதந்தி எழுதியது:

மிக அருமையான விளக்கம். கார்டு பிடிக்கும்போது எனக்கும் இதே தொல்லை இருந்தது. காரணம் இன்றுதான் தெரிந்தது.

கீழ்ஸ்தாயி சொன்ன நடுப்பகுதி வாதத்தை நான் மறுக்கவில்லை. என் குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது. அதனால் ப்ளூஸ் டிரைவரின் ஆழம் எங்களுக்குப் பொருந்திவிட்டது போலும். அதை எழுத மறந்தது என் தவறு.


மின்பலகை எழுதியது:

நான் டோங்காட்டில் மின்பணி செய்பவன். கிட்டார் வாசிக்கத் தெரியாது, மகன் வாசிக்கிறான். இந்த இழையில் யாரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசாதது எனக்குக் கவலையாக இருக்கிறது.

மண்டபத்தில் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தபோது வாங்கிப் போட்ட இன்வெர்ட்டர்கள் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. மலிவான வகையில் மின் அலை வழுவழுப்பான வளைவாக வராமல் படிக்கட்டு போல வருகிறது. அதில் பெடல் அடாப்டரைச் செருகினால் தேனீக்கூடு போல ரீங்காரம் கேட்கும். ஓவர்டிரைவ் அந்த ரீங்காரத்தையும் சேர்த்துப் பெருக்கும். ஓவர்டிரைவ் பெடலுக்குத் தேவைப்படும் மின்னோட்டம் சில மில்லிஆம்பியர்தான். ஆகவே 9 வோல்ட் பேட்டரி ஒன்று பல நிகழ்ச்சிகளுக்குத் தாங்கும், ரீங்காரமும் இருக்காது. வாசித்து முடித்ததும் பெடலின் உள்வாயிலிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். அந்தத் துளைதான் பேட்டரியின் சுவிட்சாகவும் வேலை செய்கிறது. செருகியபடியே விட்டால் பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும்.

அடாப்டர் வாங்கினால் 9 வோல்ட் நேர்மின்னோட்டம் (டிசி), முனையின் நடுவில் எதிர்மின் என்று அதன் மேல் குறி இருக்கிறதா எனப் பாருங்கள். மாற்றிச் செருகிப் பெடலை இழந்தவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. ரீங்காரம் குறைகிறது என்று யாராவது ஆம்பின் மூன்று முள் பிளக்கில் நில இணைப்பை (எர்த்) கழற்றச் சொன்னால், ஒருபோதும் செய்யாதீர்கள். உங்கள் கை தந்தியில் இருக்கும், உதடு மைக்கில் படும். இங்கே ஓடுவது 230 வோல்ட்.


வால்வு_விளக்கு எழுதியது:

மின்பலகை சொன்ன கடைசி வார்த்தையை எல்லாரும் இருமுறை படியுங்கள். என் கடைக்கு வரும் ஆம்புகளில் நில இணைப்பு வெட்டப்பட்ட ஒன்றைப் பார்க்காத ஆண்டே இல்லை.

சிங்கிள் காயில் பிக்கப்புக்கு இயல்பாகவே உறுமல் உண்டு. உங்கள் கிட்டாரின் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டதாக இருந்தால், ஐந்து நிலைச் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் அது பெருமளவு அடங்கிவிடும். அதைச் சோதித்துப் பாருங்கள்.

எஸ்டி-1 பற்றி யாரும் பேசவில்லை. 1981-இல் வந்த அந்தப் பெடலும் உங்கள் டிஎஸ்9-உம் நெருங்கிய உறவினர். வேறுபாடு டையோடுகளில்: ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் இரண்டு. அதனால் அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சமமாக மழுங்குவதில்லை. சற்று முரட்டுத்தனமான ஒலி வரும். ஆனால் உங்களிடம் இருப்பதை விற்று அதை வாங்குவது, அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குக் குடிபோவது மாதிரிதான்.

என் யோசனை வேறு. மண்டபத்தில் இல்லாத அந்த உடையும் வால்வு ஆம்பை ஒரு பெடலாகக் கையோடு கொண்டுபோங்கள். லெனேசியா அம்மா சொன்ன ப்ளூஸ் டிரைவரைப் பழையதாக ஒன்று இரவல் வாங்கி, அதன் கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை ஒன்பது மணிக்குக் கீழே வைத்து, எப்போதும் இயங்கும்படி விடுங்கள். அதற்கு முன்னால் டிஎஸ்9. டிரைவ் எட்டு மணி, லெவல் இரண்டு மணி. ஆழ் ஒலியை டிஎஸ்9-ஏ முதலில் வெட்டிவிடுவதால், கீழ்ஸ்தாயியின் இடத்தையும் நீங்கள் பறிக்க மாட்டீர்கள். ஆனால் வீட்டில் சோதிக்காதீர்கள். குழு முழுவதும் வாசிக்கும்போது, மேடையில் இருக்கும் ஒலி அளவில், மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு கைப்பேசியை வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். உரக்க ஒலிக்கும்போது நம் காதுக்கு ஆழமும் உச்சியும் அதிகமாகத் தெரியும். மெதுவாக வைத்துச் செய்த முடிவு அங்கே நிற்காது.


மேர்பேங்க்_தந்தி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

குழுவில் முன்பு வாசித்த ஒருவரிடமிருந்து ப்ளூஸ் டிரைவரை இரவல் வாங்கினேன். கோயில் மண்டபத்தில் ஒத்திகைக்கு இடம் கொடுத்தார்கள். கைப்பேசியைக் கடைசி வரிசையில், சமையற்கட்டுக் கதவின் பக்கத்து நாற்காலியில் வைத்தோம். ஒரே பாட்டை மூன்று விதமாக வாசித்தோம்.

டிஎஸ்9 மட்டும், லெவலை ஏற்றி: கிட்டார் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் மூக்கால் பேசுவது போல இருக்கிறது. ப்ளூஸ் டிரைவர் மட்டும், கெயின் மூன்று மணியில்: மேடையில் நின்ற எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. பதிவில் கேட்டால் ஆழ் சுரங்கள் பேஸ் கிட்டாரோடு கலந்து மறைகின்றன, மேல் சுரங்கள் காதைக் குத்துகின்றன. எனக்கே நம்ப முடியவில்லை; இரண்டு முறை மீண்டும் கேட்டேன். மூன்றாவது, வால்வு_விளக்கு ஐயா சொன்னபடி இரண்டும் சேர்ந்து. ப்ளூஸ் டிரைவரின் டோனைப் பத்து மணிக்கு இறக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு இடையிசையில் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு இழுத்த இடம், டோலக்கும் கீபோர்டும் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோதும், முழு வளைவாகக் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பின்னால் யாரோ பாத்திரம் அடுக்கும் சத்தமும் கேட்கிறது. அதையும் தாண்டிக் கேட்கிறது.

கார்டுகளிலிருந்து காந்தாரத்தை நீக்கிவிட்டேன். சேறு போய்விட்டது. பாடகர், "இன்று உன் கிட்டார் என் காலுக்குக் குறுக்கே வரவில்லை" என்றார்.

டிஎஸ்9-ஐ விற்கப் போவதில்லை. ப்ளூஸ் டிரைவரை அதன் சொந்தக்காரரே எனக்கு விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு தவணையில்.


கீழ்ஸ்தாயி எழுதியது:

தம்பி, குமிழ்கள் நிற்கும் இடங்களை வெள்ளை ஒட்டுநாடாவில் கோடு போட்டுப் பெடலின் மேல் ஒட்டிவிடுங்கள். மேடையில் யாராவது ஒருவர் கால் தவறி அவற்றைத் திருப்பிவிடுவார்.


மேர்பேங்க்_தந்தி எழுதியது:

ஒட்டிவிட்டேன், அண்ணா. இந்தச் சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் அதே மண்டபத்தில் வாசிக்கிறோம். பேட்டரியும் புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.